செவ்வாய்க்கிழமை நண்பகலில் படுத்திருந்த வெர்லீன்

அன்பும் அதிகாரமும் அருகருகே அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், போதகர் பிராட்னாக்ஸ் ஐயா அவர்களே. அவர் பிரசங்கம் நீளும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக் கனைக்கும் அவருடைய துணைவியார் அவர்களே. மக்னோலியா பூத்ததுபோல் வெள்ளை உடையில் முன்வரிசையை நிறைத்திருக்கும் சபைத் தாய்மார்களே. கதவோரம் வெள்ளைக் கையுறையோடு நிற்கும் காவல் தெய்வங்களே. அட்டை விசிறியால் தம்மையும் அடுத்தவர் தொப்பியையும் ஆட்டிக்கொண்டிருக்கும் அருமைச் சகோதரிகளே. அவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அண்ணன்மார்களே! உங்கள் ஜெரல்டீனின் வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள் நான். ஓய்வும் தன்மதிப்பும் பற்றிப் பேசு என்று இந்த மகளிர் நாளில் என்னை மேடையேற்றிவிட்டீர்கள். பெரிய பெரிய வார்த்தைகள் என்னிடம் இல்லை. ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. அதுவும் நீங்கள் எல்லோரும் அறிந்த பெண்: நம் சமையலறைத் தலைவி வெர்லீன் மெக்ரே.

இந்தச் சபையில் எந்த அடக்கத்துக்குப் பிறகும் நாம் பசியோடு வீடு திரும்பியதுண்டா? கோழி பொரித்தவர் யார்? கீரை வேகவைத்தவர் யார்? அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவே ஆயுளை ஆவியாக்கியவர் யார்? வெர்லீன். அவருக்கு முன்னால் அவருடைய அக்கா லொரெய்ன். அந்த லொரெய்ன் எங்கே விழுந்தார் என்பதை நாம் மறக்கவில்லை. அதோ அந்தச் சமையலறைத் தரையில், கையில் கரண்டியோடு. அக்கா விழுந்த வயது வெர்லீனுக்கும் வந்த வருடம், மருத்துவர் அவரிடம், இதயம் களைத்துவிட்டது, உட்காருங்கள் என்றார்.

வெர்லீன் உட்காரவில்லை. படுத்தே விட்டார்!

ஒரு செவ்வாய்க்கிழமை. நண்பகல். கொல்லைப்புறத்தில் பீகான் கொட்டை மரத்தடியில் ஒரு சாய்வுக் கட்டில். அதன்மேல் நம் வெர்லீன். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்து வீட்டு லூசியஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். பட்டப்பகலில், வேலைநாளில், வெர்லீன் படுத்திருக்கிறார். அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? நமக்கு என்ன தோன்றுமோ அதுதான். நம் சபைப் பொறுப்பாளர் டீக்கன் டில்மனுக்குத் தொலைபேசியில் சொன்னார்:

"டீக்கன், சீக்கிரம் வாங்க. வெர்லீனுக்கு ஏதோ ஆயிடுச்சு. அசையாம கெடக்குறா."

அசையாமல் கிடந்தால் ஆபத்து. அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த மருத்துவம். அரை மணிக்குள் ஊரே கிளம்பியது. ஜெப எண்ணெய்க் குப்பியோடு டீக்கன், பைபிளோடு சபைத் தாய்மார்கள், மக்ரோனித் தட்டோடு நான். சிரிக்கிறீர்களே, அந்த வரிசையில் நீங்களும் இருந்தீர்களே அம்மா? நீலத் தொப்பிதானே? தெரியும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் கார்கள் சரளைக்கல்லில் நொறுநொறுவென்று வந்து நின்றன. அந்தச் சத்தம் வெர்லீனுக்குக் கேட்டது. கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்த்தார். எழவில்லை.

எழவில்லை என் மக்களே! ஒரு கார் வாசலில் நின்றால் நாம் என்ன செய்வோம்? சோபாவிலிருந்து துள்ளிக் குதித்துத் துடைப்பத்தைத் தேடுவோம். யாருக்குப் பயந்து? நம் முன்னோர் இருள் பிரியுமுன் பருத்திக்காட்டில் குனிந்தார்கள். இருள் சூழ்ந்தபின் நிமிர்ந்தார்கள். பகலில் சாய்ந்த முதுகுக்கு அன்று கிடைத்தது சவுக்கு. சவுக்கு போயிற்று, அதன் சத்தம் நம் முதுகெலும்பை விட்டுப் போயிற்றா? அத்தனை தலைமுறையும் காணாத காட்சியை அன்று என் கண் கண்டது. பட்டு அங்கி உடுத்தி, கால்நகத்தில் சிவப்புச் சாயம் பூசி, விருந்தாளிக்கென்று அலமாரியில் பூட்டிவைத்த பளிங்குக் கிண்ணத்தில் பீச் பழமும் பாலாடையும் நிறைத்து, ஒரு கறுப்புப் பெண் வெயிலில் மகாராணியாய்ச் சாய்ந்திருந்தாள்.

"எங்கம்மா வலிக்குது?" என்றார் டீக்கன், குப்பியைத் திறந்தபடி.

"எங்கயும் வலிக்கல. அதான் சுகமா இருக்கு."

"அப்புறம் ஏன் படுத்திருக்க?"

"படுக்கணும்னு தோணிச்சு, படுத்தேன். எண்ணெய மூடுங்க டீக்கன், சிந்திடப் போகுது. ஜெரல்டீன், அந்த மக்ரோனிய இங்க வை. சூடா இருக்கா?"

டீக்கனுக்குக் கோபமா, நிம்மதியா, தெரியவில்லை. "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு? அப்போ சனிக்கிழமை ஹோசியா பெட்டிகுருவோட அடக்கம். சாப்பாட்டுக்கு வந்துடு."

"சாப்பிட வர்றேன். சமைக்க வரல."

மரத்தில் அணில்கூட வாயில் கொட்டையோடு நின்றது.

"நீ இல்லாம யாரு சமைப்பா?"

"லொரெய்ன் செத்த அன்னைக்கும் இதத்தான் கேட்டீங்க. மறுநாளே நான் நின்னேன். நான் விழுந்தா இன்னொருத்தி நிப்பா. அவளும் விழுவா. போதும் டீக்கன். உங்களுக்கும் ரெண்டு கை இருக்கு. உக்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க."

யார் முதலில் உட்கார்ந்தது என்று எனக்கு நினைவில்லை. புல்லில் ஒரு போர்வை விரிந்தது. டீக்கன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், காலணியைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் அவர் விட்ட குறட்டையில் பீகான் இலை உதிர்ந்தது. மறுக்காதீர்கள் டீக்கன், சாட்சிகள் நிறையப் பேர். நான் வானத்தைப் பார்த்தேன். அது அத்தனை பெரியது என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஆண்கள் அடுப்படியில் இறங்கினார்கள். சோளரொட்டியைக் கொண்டு சுவர் கட்டியிருக்கலாம். கீரையில் உப்புக் கடலே இருந்தது. எலுமிச்சை மஞ்சள் தொப்பியோடு வெர்லீன் மேசையில் வந்து அமர்ந்தார். அவர் எழாமல் இருப்பாரா என்பது அப்போதுதான் தெரிய வேண்டியிருந்தது. சமையலறையில் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. வெர்லீனின் தோள் துடித்தது. கால் தரையை ஊன்றியது. உள்ளேயிருந்து ஒருவர், "உப்பு எங்கப்பா இருக்கு?" என்று கத்தினார். உப்பு இருக்கும் இடம் வெர்லீனுக்குத் தெரியும். சொல்ல வாயும் திறந்தது. கையால் நாற்காலியை இறுகப் பிடித்தார். வாயை மூடினார். அமர்ந்தே இருந்தார்.

முதல் தட்டை டீக்கன் கொண்டுவந்து அவர்முன் வைத்தார். வெர்லீன் அதை வெகுநேரம் பார்த்தார். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்ட அந்த மண்டபத்தில் அவருக்கென்று ஒருவர் பரிமாறியது அதுவே முதல்முறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க டீக்கன். கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

இதைத்தான் வளம் என்கிறேன் என் சொந்தங்களே! பாடுபட்டுக் களைத்தால்தான் பலகாரம் என்ற கணக்கு நமக்கு யார் போட்டது? உழைப்பதற்கு முன்பே நாம் விலைமதிப்பற்றவர்கள் இல்லையா? விழுந்த பிறகு மலர்வளையம் வைக்கும் கைகள், விழுமுன் ஒரு நாற்காலி இழுத்துப் போடக்கூடாதா? லொரெய்னுக்கு நாம் போடவில்லை. வெர்லீன் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் நம்மோடு உயிரோடு இருக்கிறார்.

கேட்டுக் களைத்த செவிகளுக்கும், பொறுத்துக்கொண்ட போதகருக்கும் நன்றி. இதோ, அவர் வெர்லீனைப் பார்த்து, எழுந்து கைதட்டலை ஏற்றுக்கொள்ளும்படி சைகை காட்டுகிறார். வேண்டாம் ஐயா. வெர்லீன் அக்கா, நீங்க உக்காருங்க.

சபையோரே, நாம் எழுந்து நிற்போம்.