வேதியியல் சுவரில் ஒரு கை

வேதியியல் துறைத் தலைவரே, நீங்கள் ஒரு பெண்ணுக்கு ஆசை காட்டி ஏமாற்றிவிட்டீர்கள்.

நாகலாபுரம் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் தீப்பெட்டி செய்யும் ஆபீசில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். உங்கள் கல்லூரிச் சுவர் வந்தது. அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தாடிக்கார விஞ்ஞானி தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மூத்தவள் ஜன்னல் வழியே காட்டினாள். "அந்தக் கை என் கைதாம்ட்டி."

"வெள்ளக்காரன் கையா உன் கை, யக்கா?"

"மூஞ்சிதான் அவன். நம்ம ஊரு கெமிஸ்ட்ரிக்கு அடையாளமா தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளையத்தான் வரையப் போறோம்னு சொல்லி, அந்தக் காலேஜு கெமிஸ்ட்ரி பெரிய சாரு என்னையக் குச்சியோட நிக்க வச்சு போட்டோ எடுத்தாவ. வரைஞ்சு பாதியில, பெரிய விஞ்ஞானிதான் வேணும்னுட்டாவளாம். மூஞ்சிய மாத்துனவன் கைய விட்டுட்டான். கட்டைவிரல்ல குச்சி மருந்து சுட்ட தழும்பு கூட இருக்கு, பாரு."

"நீயும் தாடி வச்சா அப்படித்தான் இருப்ப."

இருவரும் சிரித்தார்கள். சுவர் பின்னால் போன பிறகும் மூத்தவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பத்தாவதோட என்னைய நிப்பாட்டிட்டாவ. உள்ள போய்ப் படிக்கத்தான் முடியல. சுவத்துலயாவது நிக்கலாம்னு ரொம்ப ஆசப்பட்டேன். பஸ்ஸு அங்கன வரும்போது கொஞ்சம் மெதுவாப் போகாதான்னு தினமும் இருக்கு."

 உங்களிடம் கேட்கிறேன். அவள் முகத்தை அழிக்கச் சொன்னது யார், எதற்காக? மாணவர்களைக் கூட்டி, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.