சின்னக்கதவுப் பெட்டி

"எலி விழுந்ததைப் பாக்கதுக்கு எதுக்கு மதினி வேகாத வெயில்ல வாறிய? போன்லயே…"

"போன்ல எலி தெரியும் தம்பி. மூட்டை நனைஞ்சது தெரியுமா, கூரையில ஓட்ட விழுந்தா…"

"அதுக்கும் ஒரு பெட்டி வந்துருக்கு. வாங்கி மாட்டிருவோம். நீங்க வீட்டுல இருங்க."

எங்களுக்குள் பேச்சு இப்படித்தான் நடக்கும். இதைச் சண்டை என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. ஒருவர் முடிக்கும்முன் மற்றவர் ஆரம்பிப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். என் வீட்டுக்காரர் இருந்தபோது மூன்று பேருமாகச் சேர்ந்து பேசுவோம். யார் சொன்னது யாருக்குக் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. வன்னியபெருமாள் அவருடைய தம்பி. எனக்குக் கொழுந்தன். நல்ல மனுசன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடோன் உங்களுக்குத் தெரியும். துறைமுகம் போகிற சாலையில், ஐஸ் பிளாண்டை ஒட்டினாற்போல இருக்கிறது. கப்பலில் வருகிற துவரையையும் உளுந்தையும் மில்லுக்குப் போகும்வரை அடுக்கி வைப்போம். முன்னால் லாரி வந்து நிற்கிற ஷட்டர். பின்னால், உப்பளத்தைப் பார்த்து ஒரு இரும்புக் கதவு. அதைச் சின்னக்கதவு என்போம். அதன் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகு காலையில் அதைத் திறந்து, எலிப்பொறிகளைப் பார்த்து, மூட்டை மூட்டையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

பருப்பு லட்சுமி. அதனால் எங்கள் குடோனுக்குள் யாரும் செருப்புக் காலோடு நுழைய மாட்டோம். லோடு ஏற்றுகிறவர்களும், மருந்து வைக்க வருகிறவர்களும், ஆய்வுக்கு வந்த அதிகாரியும்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஆகவே உள்ளே ஆள் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. வாசலைப் பார்ப்போம். செருப்புக் கிடந்தால் ஆள் உண்டு, கிடக்காவிட்டால் இல்லை.

போன வருடம் வன்னியபெருமாள் பழைய பொறிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டிகளை வைத்தார். எலி உள்ளே போய்க் கதவு விழுந்தால் எங்கள் இரண்டு பேர் போனிலும் மணி அடிக்கும். எந்தப் பெட்டி என்றும் காட்டும். நாம் 'பார்த்தாச்சு' என்று அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள். போனை எடுக்காவிட்டால் ஆளையே அனுப்பிவிடுவார்கள். நன்றாக யோசித்துச் செய்த பொருள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். குடோனை ஒரு பெரிய கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுக்கப் போகிறாராம். அவர்களுக்கு ஆள் வேண்டாமாம். சென்னையில் உட்கார்ந்து எலியையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்வார்களாம். பத்திரம் அவர் பேரில் இருந்தது. கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. "வியாழக்கிழம சாவியக் குடுத்துரணும் மதினி," என்றார். "இனிம நீங்க நிம்மதியா இருக்கலாம்." என் நன்மைக்குத்தான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சாவி இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வது என்று நான் கேட்டேன். டிவி பாருங்க என்றார்.

கை மாற்றுவதற்குமுன் சரக்குக்குப் புகை மருந்து வைக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். அன்றைக்கு மாப்பிள்ளையூரணியில் எங்கள் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். மருந்து வைக்கிற மரியானும் அவன் ஆட்களும் சரக்கின்மேல் தார்ப்பாய் போட்டு, மாத்திரை வைத்துவிட்டு வெளியே வந்து ஷட்டரை இறக்கி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வன்னியபெருமாளுக்குப் பெட்டி நினைவு வந்திருக்கிறது. மருந்து வைக்கும்முன் பெட்டிகளை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. புகை பட்டால் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி கறுத்துவிடும். போனுக்கும் அதே கதிதான். அவர் போனை ஆபீசில் என் மேசைமேல் வைத்துவிட்டு, என்னிடம் சாவி வாங்கிப் போய்ச் சின்னக்கதவைத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். மாத்திரை உடனே வேலை செய்யாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷப் புகை விடும். ஓட்டமாகப் போய் எடுத்து வந்துவிடலாம்தான்.

நான் பின்னால் போனபோது அவர் செருப்பு வெயிலில் கிடந்தது. ரப்பர் செருப்பு. அந்த வெயிலில் இளகிப்போகும். எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் வைத்தேன். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினேன். திறந்து கிடக்கும் கதவைப் பூட்டுவது என் கைக்குப் பழகிய வேலை.

மரியான் டேப்போடு வந்தான். "அக்கா, உள்ள யாருமில்லல்லா?" என்றான்.

"செருப்புக் கெடக்கான்னு பாரு," என்றேன்.

பார்த்தான். இல்லை. டேப்பை ஒட்டினான். ஐயா, இதில் நான் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன்மேலும் தப்பு இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தான். அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானே வந்தேன். அவனை விட்டுவிடுங்கள்.

வன்னியபெருமாள் கூப்பிட்டிருப்பார். ஐஸ் பிளாண்டு ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காது.

காதுகுத்துக்கு ஆட்டோவில் போகும்போதே போன் அடிக்க ஆரம்பித்தது. கடைசிச் சுவரிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக, வரிசைப்படி. பெட்டியைத் தூக்கினாலும் மணி அடிக்கும். எடுத்துக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் 'பார்த்தாச்சு' அழுத்தினேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு சின்னக்கதவுப் பெட்டி அடித்தது. திரும்பவும் அடித்தது. திரும்பவும்.

எலி ஒருமுறைதான் விழும். விழுந்த கதவைத் தூக்கி வைத்தாலோ பெட்டியையே தூக்கினாலோதான் மறுபடி அடிக்கும். எலி இரண்டையும் செய்யாது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் முருகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். வன்னியபெருமாளின் சம்சாரம், என்னை அக்கா என்பாள். அவுகளைக் காணலியே என்றாள். யாரையோ பார்க்கச் சாத்தான்குளம் போயிருப்பார் என்றேன். போனார் என்று சொல்லவில்லை. போயிருப்பார் என்றுதான் சொன்னேன். மடியில் போன் அடிக்கும்போதெல்லாம் இடது கையால் அழுத்திவிட்டு வலது கையால் சாப்பிட்டேன். அவியல் நன்றாக இருந்தது.

கம்பெனியிலிருந்து ஜெமி என்ற பெண் கூப்பிட்டாள்.

"மேடம், ஒரே பெட்டி விடாம அடிக்குது. ஆள் அனுப்பட்டுமா?"

"மருந்து வச்சிருக்கும்மா. யாரும் தெறக்கக் கூடாது."

"பெட்டிய எடுக்கலியா மேடம்? அப்ப அது கெட்டுத்தான் போயிருக்கும்."

"ஆமா," என்றேன். அவள் சொன்னதற்குப் பிறகு எனக்கும் மனம் சமாதானமாயிற்று. படித்த பிள்ளை சொல்கிறது, பெட்டிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் கால் வீங்கிவிட்டது. முருகேஸ்வரி தைலம் எடுத்து வந்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிட்டாள். அப்போது போன் ஒருமுறை அடித்தது. யாரு அக்கா என்றாள். எலி என்றேன். அழுத்தினேன். அதற்குப் பிறகு அடிக்கவில்லை. அவர் எப்படியோ வெளியே வந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் முருகேஸ்வரி தேடத் தொடங்கினாள். நானும் அவளோடு சேர்ந்து நாலு இடத்துக்குப் போன் செய்தேன். அவர் போனை என் மேசையிலிருந்து அவளிடம் நானே எடுத்துக் கொடுத்தேன். மருந்துக்கு வைத்த மூன்று நாள் கெடு முடிந்து புதன்கிழமை மரியான் டேப்பைக் கிழித்துக் கதவைத் திறந்தபோது அவர் கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மற்றப் பெட்டிகளைப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். ஒன்று மட்டும் மடியில் இருந்தது.

கொன்றேனா என்று கேட்கிறீர்கள். பூட்டினேன். செருப்பை எடுத்தேன். ஒவ்வொரு மணிக்கும் 'பார்த்தாச்சு' என்று அழுத்தினேன். அழுத்தாமல் விட்டிருந்தால் ஆள் வந்திருக்கும். ஆகவே ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்தில் செய்ததல்ல. நான் இல்லாமலே எல்லாம் நடந்துவிடும் என்று அவர் சொன்னார். சரி, நடக்கட்டும் என்று விட்டேன். அவருக்கு நான் எதற்கும் தேவைப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை; வேறொன்றும் இல்லை.

முருகேஸ்வரியை ஸ்டேஷனுக்குள் விட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் இந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அவுக போனு ஒங்க மேசையிலல்லா கெடந்துச்சு. அப்பம் அந்தப் பெட்டியத் தூக்கித் தூக்கி வச்சு, அவுக யாரக் கூப்புட்டாக அக்கா?"