தொப்பூர் லாரியை ஊருக்கு விட்ட கதை

என் காது நல்ல காது, இன்ஸ்பெக்டர் சார். பொம்மிடி தபால் ஆபீஸில் தந்தி கேட்டுக் கேட்டுப் பழுத்த காது. சேலத்தில் எறும்பு தும்மினால் அது ஆண் எறும்பா பெண் எறும்பா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். ரிடையர் ஆன பிறகு அதற்கு வேலையில்லாமல் போயிற்று. நல்லம்பள்ளியில் என் நிலத்தில் உட்கார்ந்து தக்காளி பழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நூர் பாஷா பழக்கமானான். பஸ் ஸ்டாப் எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவன் மாமா குவைத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். டிவியில் மாட்டுவது, சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிது. என்னை உட்காரவைத்து ஒரு கேசட்டை ஓட்டினான். பத்தாயிரம் தந்தி ஒரே மூச்சில் வந்த மாதிரி ஒரு கீச்சல். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீச்சல் அடங்கியதும் டிவியில் ஒரு லாரி நின்றது.

தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரியைப் பத்திரமாகக் கீழே இறக்க வேண்டும். அதுதான் கேம். எழுதியது அவன். வளைவுகளைச் சொன்னது நான். எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் பள்ளம் என்று நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். முடிந்ததும் திரையில் தீர்த்தகிரி என்று என் பெயரும் வரும் என்றான். அன்றைக்கு நான் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு புளியமரத்துக்கு மேலே பறந்ததாகக்கூட ஞாபகம்.

கடைசி இரண்டு வளைவு பாக்கி இருக்கும்போது நிறுத்திவிட்டான். அவன் அக்கா ஷகிலாவின் புருஷன் காஜா, நிஜ லாரியோடு தொப்பூரில் உருண்டுவிட்டார். அந்தப் பெண் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டது.

"கேம்ல லாரி உருளற சத்தம் கேட்டா அக்கா சோத்துத் தட்டை வெச்சிட்டு எந்திரிச்சிடுதுங்க ஐயா. கேசட்டைக் குடுங்க, அழிச்சிடறேன்" என்றான்.

இருந்தது ஒரே கேசட். தூசி படாமல் என் பீரோவில் வைத்திருந்தேன்.

நான் நியாயமாகத்தான் பேசினேன். "நீ முடிக்க வேணாம் தம்பி. ஊருக்கு விட்டுடு. சோர்ஸ் கோடுன்னு பெங்களூர் பத்திரிகையில போட்டிருந்தான் பாரு. எழுதுனதை அப்படியே விட்டா, எவனாச்சும் மிச்ச வளைவைப் போட்டுக்குவான்."

அந்தக் கீச்சலில் இருப்பதே அவன் எழுதிய வரிகள்தான், சார். அதைப் பதிவு செய்தவன் கம்ப்யூட்டரில் ஏற்றி, படித்து, திருத்திக்கொள்ளலாம்.

"காஜா மச்சான் செத்த எடத்துல கண்டவனும் வெளையாடறதுக்குங்களா?"

"அவரு பேரு நெலைக்குமில்ல" என்றேன். நல்ல பதில் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சைக்கிள் கடை குப்புராஜ் கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டு, என் கிணற்று மேட்டு வேப்பமரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கரைக் கட்டச் சொன்னேன். கரண்டை நம்பாமல் லாரி பேட்டரி வைத்தோம். டேப் ரிக்கார்டர் வைத்திருப்பவர்கள் எல்லாம் மத்தியானம் தூரத்து வரப்பில் வந்து உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லியனுப்பினேன். தர்மபுரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கம்ப்யூட்டர் இரண்டரைதான் தேறும். அந்த அரையும் ரிப்பேர். ஆனாலும் லட்சம் பேரை எதிர்பார்த்தேன். குப்புராஜையும் சேர்த்து ஒரு கைப்பிடி ஆள் வந்தார்கள்.

அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பாஷா வந்தான். ஸ்பீக்கரைப் பார்த்து, "என்னங்க ஐயா, கோயில் விசேஷங்களா?" என்றான்.

"அப்படித்தான் வெச்சுக்க. மோட்டார் ஒயர் கழண்டு கெடக்குது, அதை மாட்டிட்டு வா. கேசட்டை எடுத்து வெக்கறேன்."

தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கி, கிணற்றின் பாதியில் மேடை கட்டி உட்காரவைப்பது நம் பக்கத்து வழக்கம். ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும். பாஷா சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினான். "பீஸ் கட்டை புடுங்கியாச்சுங்களா?" என்று கேட்டான். "ம்" என்றேன். 'ம்' என்பது பொய்யில் சேருமா என்பது சட்டம் படித்த உங்களுக்குத்தான் தெரியும். ஒயர் நிஜமாகவே கழன்றிருந்தது. காலையில் நானே கழற்றியிருந்தேன்.

அவன் இறங்கியதும் ஏணியை மேலே இழுத்தேன். மூங்கில் ஏணி, கனமே இல்லை.

"ஐயா, ஏணி..."

"ஊருக்கு விடறேன்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி. எறக்கறேன்."

"அக்கா மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்? முடியாதுங்க. ஏணிய எறக்குங்க ஐயா."

அதற்குள் வரப்பில் ஆட்கள் வந்துவிட்டார்கள். இவன் உதவிக்குக் கூப்பிட ஆரம்பித்தான். நான் பட்டனை அழுத்தினேன். நாலு குழாயும் ஒன்றாகக் கீச்சிட்டன. தொப்பூர் மலையே பயந்து இரண்டடி நகர்ந்தது.

ஆடு மேய்க்கும் மாதம்மாள் ஓடிவந்தாள். "என்னங்க சாமி இது, ஆயிரம் எலியை அம்மில வெச்சு அரைக்கறாப்ல?"

"கேம், மாதம்மா. லாரி வருது."

தலையைச் சாய்த்துக் கேட்டாள். "உள்ளாற ஆரோ கத்தறாப்ல இருக்குதுங்களே?"

"டிரைவரு. பிரேக்கு புடிக்கலையாம்."

"அட பாவமே" என்று சிரித்துக்கொண்டே போய் வரப்பில் இருந்தவர்களிடம் சொன்னாள். அவர்கள் இன்னும் ஆசையாக டேப்பைத் தூக்கிப் பிடித்தார்கள்.

கேசட் முடிய முடியத் திருப்பிப் போட்டேன். பாஷா ஏணி இல்லாமல் தண்ணீர் பைப்பைப் பிடித்து ஏறப் பார்த்தான். இரும்புப் பைப். கழன்ற ஒயரின் வாய் அதன்மேல்தான் சாய்ந்து கிடந்தது.

கரண்டுக்காக ஸ்டார்ட்டர் பக்கத்தில் எந்த விவசாயி காத்துக்கிடக்கிறான், சார்? பச்சைப் பொத்தானை அமுக்கி, சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் கட்டியிருந்தேன். அந்த வாரம் கரண்ட் சாயங்காலம் விடுகிறார்கள் என்பதும் தெரியும். ஸ்டார்ட்டர் ரூம் பக்கத்தில்தான். எழுந்துபோய் பீஸைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் கேசட் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கரண்ட் வந்து ஸ்டார்ட்டர் டக்கென்றது. அதற்குப் பிறகு கிணற்றிலிருந்து சத்தமில்லை. கீச்சல் மட்டும் தனியாக, எவ்வளவு சுத்தமாகக் கேட்டது தெரியுமா? பாவம், அதற்குள் வரப்பில் இருந்தவர்களின் கேசட்டெல்லாம் நிறைந்துவிட்டது.

அவர்கள் கலைந்துபோனதும் பீஸைப் பிடுங்கிவிட்டு ஏணியைப் பழையபடி வைத்தேன். மோட்டார் ரிப்பேரில் ஷாக் அடித்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஷகிலாவுக்கு நானே ஆறுதல் சொன்னேன். சைக்கிள் கடையில் குப்புராஜ் அன்றைக்குத் தான் பதிவு செய்த கேசட்டைப் போட்டபோது, வழியில் போன அந்தப் பெண் தம்பி குரலைக் கண்டுபிடித்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'ஏணிய எறக்குங்க ஐயா' என்பது அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. நாலு குழாயைக் கட்டிய நான், அதற்குக் கீழே கிணறு என்று ஒரு பெரிய குழாய் இருப்பதை மறந்துவிட்டேன்.

ஆமாம் சார். ஒயரைக் கழற்றியதும், ஏணியை எடுத்ததும், கரண்ட் வருமென்று தெரிந்தே உட்கார்ந்திருந்ததும் நான்தான். நூர் பாஷாவைக் கொன்றது நான் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கேசட்டுகளைத் தர்மபுரியிலும் சேலத்திலும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூட ஏறவில்லை. இரண்டு சத்தம் கலந்தால் ஏறாதாம். ஒரு மத்தியானம் வாயை மூடிக்கொண்டு இருக்க அவனால் முடியவில்லை. அடுத்தவன் உழைப்பை இப்படிக் கெடுக்க எனக்கெல்லாம் மனசே வராது.