ரக்ஷாவின் கன்னம்

இல்ல ஆன்ட்டி, ரக்ஷாவ கூட்டிட்டு வரல. வீட்ல அவ அப்பா மகிழன்கிட்ட இருக்கா. நீங்க முதல்ல உக்காருங்க. சண்டைக்கெல்லாம் வரல நான். நாலு நாளா நீங்க போன் எடுக்கல, அதான் நேர்லயே வந்துட்டேன்.

கோவம் இருக்கும், தெரியும். நாலு மாசம் என் குழந்தைய பாத்துக்கிட்டவங்கள ஒரே மெசேஜ்ல, நாளைலேருந்து வரவேணாம்னு சொன்னேன்ல. காரணம்கூட சொல்லல.

அவ கன்னம் உப்பிக்கிட்டே வந்துச்சே, பாத்தீங்கல்ல? இந்த மான்மவுத் ஜங்ஷன்ல இருக்கற நம்மூர்க்காரங்க பூரா கொழுகொழுன்னு இருக்கான்னு கொஞ்சினாங்க. செக்கப்ல டாக்டர் மட்டும் சிரிக்கல. வெயிட் ஏறுது, நீளம் அப்படியே நிக்குதுன்னாங்க. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஸ்டீராய்டு ஏதாவது குடுக்கறீங்களா, தடவறீங்களான்னாங்க. இல்லவே இல்லன்னேன். அப்ப குழந்தைய வேற யாரு பாத்துக்கறான்னு கேட்டாங்க.

உங்க பேரச் சொன்னேன் ஆன்ட்டி. யோசிக்கக்கூட இல்ல.

நீங்க தடவ மாட்டீங்க, தெரியும். இப்ப தெரியும். அன்னைக்குத் தெரியல.

என் வேல என்னன்னு சொல்லிருக்கேன்ல? கடைல விக்கற க்ரீமெல்லாம் எங்க லேபுக்கு வரும். டப்பால எழுதாத மருந்து எதையாவது கலந்திருக்காங்களான்னு பாக்கறது. முன்னல்லாம் ஒரு சாம்பிளுக்கு அரை நாள் போகும். இப்ப கண்ணாடிக் குச்சில துளி தொட்டு மெஷின் வாய்ல காட்டினா போதும், ஒரு நிமிஷத்துல உள்ள இருக்கறதெல்லாம் கோடு கோடா ஸ்க்ரீன்ல வந்துரும். மூலிகை, இயற்கைன்னு எழுதினதுதான் நிறைய மாட்டும். அதப் பாத்துப் பாத்து எனக்கு யாரையும் நம்பவே வர்றதில்ல.

நீங்க விட்டுட்டுப் போன பைய எடுத்துட்டுப் போனேன். எண்ணெய், வசம்பு, பயத்தமாவு, நீங்க கைக்குப் போட்டுக்கற களிம்புகூட. லஞ்ச் டைம்ல, யாருக்கும் தெரியாமதான். எல்லாம் சுத்தம். மறுபடி மெஷின்ல ஓட்டினேன். சுத்தம். நிம்மதி வரணும்ல? எரிச்சல்தான் வந்துச்சு. வேற எதையோ ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னு நெனச்சேன்.

அழாதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ். அவளுக்குச் சரியாயிடுமாம். மருந்து குடுத்து, மெதுவா கொறைச்சுக்கிட்டே வருவாங்களாம். முகம் வத்த சில மாசம் ஆகும்.

போன வியாழக்கிழமை மெஷின் சும்மா இருந்துச்சு. வீட்ல என் டிராயர்ல இருந்த ஒரு டப்பாவ கொண்டு போனேன். ஊர்லேருந்து வந்த குங்குமப்பூ க்ரீம். மத்ததெல்லாம் பாத்தாச்சு, இதையும் பாத்துடலாம்னு. ஸ்டீராய்டு கோடு ஸ்க்ரீனோட உச்சிக்குப் போயிடுச்சு.

ம்ஹும், என் மூஞ்சிக்கு இல்ல. பேர் வைக்கறப்ப மாமியார் எல்லார் முன்னாடியும் சொன்னாங்க, குழந்தைக்குக் கலர் மட்டும் அவ அம்மா வான்மதி மாதிரியே வந்துடுச்சுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நானும் சிரிச்சேன்.

நான்தான் ஆன்ட்டி. தினம் காலைல, நீங்க வந்து பெல் அடிக்கறதுக்கு முன்னாடி. உங்கள அனுப்பினதுக்கு அப்புறமும் தடவிட்டுதான் இருந்தேன், வியாழக்கிழமை வரைக்கும்.

டாக்டர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். மகிழன் மட்டும் இன்னும் உங்களத்தான் திட்டிட்டிருக்கார். உங்கள வச்சுக்கிட்டுதான் அவர்கிட்ட சொல்லணும். கார் வெளில நிக்குது. வர்றீங்களா?