சின்னத்தம்பியின் தற்பிரியம்

— மூட்டை கட்டுறத நிறுத்துடா, சின்னத்தம்பி. நாளைக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஆள் கூடும்போது, எல்லார் முன்னாலயும் காளியப்பக் கங்காணி கால்ல விழு. துரை மன்னிச்சிடுவார். பேசிட்டுத்தான் வர்றேன்.

— உங்களை யாரு பேசச் சொன்னா, மச்சான்? உபதேசியாருக்குக் கோயில்லதானே வேலை? ரப்பர் மரத்துல பால் வெட்டுறவன் விவகாரம் உங்களுக்கு எதுக்கு?

— என் பொஞ்சாதி கூடப் பொறந்தவன்டா நீ! கங்காணியை அறைஞ்சவன்னு லயம் பூரா உன் பேச்சுத்தான். ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட நான் செபம் சொல்றது?

— பால் வாளி சாஞ்சதுக்கு வெள்ளையம்மாக் கெழவிய அந்தாளு அறைஞ்சாரே, அப்ப எங்க இருந்துச்சு உங்க முகம்?

— அது அவர் பாவம், ஆண்டவர் கேப்பார். உன் பாவத்துக்குப் பேரு தற்பிரியம், மகனே. ஆதித் தகப்பன் விழுந்ததே அதுலதான். பொறக்கும்போதே மனுஷன் தன்னைத்தான் நேசிக்கிறான். மேல ஒரு கை இல்லேன்னா ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுத் தின்னுருவான். அதுக்குத்தான் ராஜா, துரை, கங்காணி எல்லாம்.

— மகனேன்னு கூப்பிடாதீங்க, இது பிரசங்கம் இல்ல. மனுஷன் அவ்வளவு கெட்டவன்னா அவன் கையில பெரம்பை ஏன் குடுத்தீங்க? துரை மட்டும் என்ன, மனுஷன் இல்லையா?

— ஜொகூர் பாரு கூட்டத்துல கத்துக்கிட்ட பேச்சு! சுயமரியாதையாம்! தற்பிரியத்துக்கு வெள்ளை வேட்டி கட்டி விட்டிருக்கானுங்க.

— தன்னை மதிக்காதவன் அடுத்தவனை எப்படி மதிப்பான்? உங்களுக்கு உங்களையே புடிக்கல, மச்சான். அதான் யாரையும் புடிக்கல.

— வாயை மூடு! கெழவி மேல உனக்கு இரக்கமா? கைதட்டல் வேணும் உனக்கு. எவனும் எவனுக்காகவும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டான். உன் நெஞ்சுக்குள்ள தேடிப் பாரு, நீ மட்டுந்தான் இருப்பே.

— சரி, இருந்துட்டுப் போறேன். வழி விடுங்க. செனாய் ஸ்டேஷன்ல மூணு மணிக்கு ரயிலு.

— போடா! இனி என் வாசப்படி மிதிக்காதே. அடிச்ச ஆளு இந்தத் தோட்டத்துல ஒரு நாளும் இருக்கக் கூடாதுன்னு நானே துரைகிட்ட சொல்றேன்.

— என்னங்க, போதும்.

— அங்கம்மா? நீ ஏன் இங்க வந்தே? வீட்டுக்குப் போ.

— அக்கா, வேணாம். பேச மாட்டேன்னு சொன்னேல்ல?

— மூட்டையை அவுருடா. இவன் கங்காணியைத் தொடவே இல்லீங்க. கெழவிக்குப் பக்கத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்தது நான். அறைஞ்சதும் நான். பொம்பளைகிட்ட அடி வாங்கினேன்னு சொல்ல அவருக்கு வெக்கம், இவன் பேரைச் சொல்லிட்டாரு. இவனும் ஆமான்னுட்டான்.