தையல்காரரின் செத்த போன்

– நீங்க நடக்கற அழகுக்கு, கோவில்தான் மலையை விட்டு இறங்கி நம்மகிட்ட வரணும் தையல்காரரே.

– குதிகால்ல கொப்புளம் சம்பந்தி. பாருங்க, கோட்டுப் பட்டன் அளவுக்கு.

– காலம் பூரா மெஷின் முன்னாடி உட்கார்ந்தே இருந்தா இப்படித்தான். அது சரி, எத்தனை தடவை சொல்றது, என்னை சம்பந்தின்னு கூப்பிடாதீங்க. உங்க பொண்ணு பெட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே அந்த உறவு பாதி அறுந்துபோச்சு.

– அறுந்ததைத் தைக்கத்தானே நடக்கறோம்.

– நானா நடக்கறேன்? உங்க வீட்டம்மாவும் என் வீட்டம்மாவும் கூடிப் பேசி வேண்டிக்கிட்டாங்க. ரெண்டு அப்பனும் சேர்ந்து நடந்தே வருவாங்க, பிள்ளைங்களைச் சேர்த்து வைன்னு. வேண்டுதல் அவங்களது, முட்டி என்னது. மனுஷன் ஒரு மாடி ஏறக்கூட கஷ்டப்படக் கூடாதுன்னு லிஃப்ட் லிஃப்டா மாட்டிக் கொடுத்தவன் நான். என்னைப் போய் மலைக்கு நடக்க விட்டிருக்காங்க.

– நல்லாத்தானே வந்தீங்க இவ்வளவு தூரம்.

– நான் நல்லாத்தான் வந்தேன். நீங்கதான் மரத்துக்கு மரம் உட்கார்ந்தீங்க. எழுந்தா, எதிர்ல வர்றவனையெல்லாம் நிறுத்தி, தம்பி உன் சட்டையில இடது தோள் இறங்கியிருக்குன்னு புத்தி சொல்றீங்க. புண்ணியம் தேடி வந்தவன் தோள் எப்படி இருந்தா உங்களுக்கு என்ன?

– கண்ணு தானா அங்கதான் போகுது. என்ன பண்றது.

– போனாவது பிழைச்சுதா?

– இல்லைங்க. கிளம்பின அன்னைக்குச் செத்தது, செத்ததுதான்.

– சார்ஜ் போடத் தெரியாதவருக்கு எதுக்கு போன்? என்னோடதைப் பாருங்க. வேலையில சேர்ந்ததுலேர்ந்து அணைச்சதே கிடையாது. எவனாவது ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டுக் கூப்பிடுவான்.

– தெரியுமே. நம்ம பிள்ளைங்க கல்யாணத்துல போட்டோ எடுக்கற நேரம் பார்த்து, ‘கதவைத் தொடாதே, கதவைத் தொடாதே’ன்னு போன்ல கத்திக்கிட்டு இருந்தீங்க. எல்லா போட்டோவுலயும் உங்க வாய் திறந்தே இருக்கு.

– உள்ள ஒரு குடும்பமே மாட்டியிருந்துச்சு. உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. உங்க போன் செத்ததுல யாருக்குத் தொல்லை தெரியுமா? எனக்கு. பொழுது சாஞ்சா போதும், என் பையன் கூப்பிட்டுடறான். பெத்தவன் இருக்கேனா போனேனான்னு ஒரு வார்த்தை கிடையாது. மாமா சாப்பிட்டாரா, மாமா தூங்கினாரா. நான் என்ன உங்களுக்கு ஆயாவா?

– நல்ல பையன்.

– அவ்வளவு நல்ல பையனை உங்க பொண்ணு ஏன் விட்டுட்டுப் போனா?

– வேலையை விட்டுட்டு, அதைச் சொல்லாம, அவ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைத் தூக்கிக்கிட்டு தினமும் ஆபீசுக்குப் போற மாதிரி போயிருக்கான். அவ பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிஞ்சுக்கிட்டா.

– ஆம்பளைக்கு ரோஷம் இருக்காதா? பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்லுவான்?

– உங்ககிட்ட சொன்னானே. அப்ப எங்க போச்சு ரோஷம்?

– அப்பன்கிட்ட சொல்றது வேற.

– அப்பன் அதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, காலையில அவ கையால காப்பி வாங்கிக் குடிச்சதும் வேறதான்.

– இன்னைக்கு வாய் நீளுது. கொப்புளம் கால்ல வந்ததுக்குப் பதிலா அங்க வந்திருக்கலாம்.

– கோபப்படாதீங்க, நடங்க.

– நடக்கறேன். நேத்து கதையைக் கேளுங்க. மாமா பிரஷர் மாத்திரை போட்டாரான்னு கேட்கறான். அவர் போட்டா எனக்கென்ன, போடலைன்னா எனக்கென்னன்னேன். பையோட உள் ஜிப்புல, சாக்ஸுக்கு அடியில, நீல டப்பாவுல இருக்கும், எடுத்துக் கொடுங்கப்பான்னு உத்தரவு போடறான். போய்ப் பார்த்தா அங்கேயேதான் இருக்கு.

– ஆமா, அங்கதான் வச்சா.

– யாரு?

– என் பொண்ணு. கிளம்பின காலையில அவதான் பை அடுக்கினா.

– என் பையன்தான் அவ போனதுலேர்ந்து உங்க வீட்டுப் பக்கமே வரலையே.

– வரலை.

– அப்புறம் டப்பா நீலம்னு அவனுக்கு எப்படி…

– பொழுது சாயுது, நடங்க.

– நில்லுங்க. அந்த போனை இப்படிக் கொடுங்க.

– அது எதுக்கு இப்ப.

– கொடுங்கங்கறேன். என்னய்யா இது, அமுக்கினா உயிர் வருது? சார்ஜ் முழுசா இருக்கு.

– பாருங்க சம்பந்தி. நான் எடுத்தா, நல்லா இருக்கேம்மான்னு ஒரு வார்த்தையில முடிஞ்சுபோகும். எடுக்கலைன்னா அவ யாரையாவது கேட்டுத்தானே ஆகணும்?

– என்னைக் கேட்கறது. என் நம்பர் அவகிட்ட இல்லையா?

– பெட்டியோட நின்னவகிட்ட, இனிமே என்னை மாமான்னு கூப்பிடாதே, எனக்கு போன் பண்ணாதேன்னு சொன்னது யாரு?

– கோபத்துல ஆயிரம் சொல்லுவோம்.

– நீங்க ஆயிரம் சொல்லுவீங்க. அவ அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா. அதனால உங்க பையனைத்தான் கேட்கணும். அவன் உங்களைக் கேட்பான். நீங்க என்னைத் திட்டிட்டுச் சொல்லுவீங்க. அவன் மறுபடியும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லணும்.

– அம்மாக்காரங்களைக் கேட்க மாட்டாளா?

– கேட்டிருப்பா. ரெண்டு பேரும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பாங்க. அப்படித்தான் பேச்சு.

– என் வீட்டம்மாவுமா?

– இந்த யோசனையே அவங்களோடதுதான் சம்பந்தி.

– அடிப்பாவி. அதான் மாத்திரை போட்டாச்சுன்னு சொல்லலாம்னு நேத்து அவனைத் திரும்பக் கூப்பிட்டா, லைன் பிஸி. நான் தூங்கற வரைக்கும் பிஸி. எவன்கிட்ட இவ்வளவு நேரம் வம்பளக்கறான்னு திட்டிக்கிட்டே படுத்தேன்.

– மாத்திரையைப் பத்தி அவ்வளவு நேரம் பேச முடியாது.

– அப்ப இந்தக் கொப்புளமும் நாடகமா?

– அது நிஜம். ஆனா அதுக்காக உட்காரலை. சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா, அப்புறம் அவ எதைச் சொல்லி அவனைக் கூப்பிடுவா?

– இந்த மூஞ்சிக்குள்ள இவ்வளவு வேலையா. நான் உங்களை ஒரு மக்குன்னு நினைச்சேனே இத்தனை நாளும்.

– தெரியும். சத்தமாத்தான் நினைச்சீங்க.

– அதோ கோவில் தெரியுது. இருட்டறதுக்குள்ள போயிடலாம்.

– போயிட்டா முடிஞ்சுது. நாளைக்கு நாம பஸ் ஏறிடுவோம். அவங்க இன்னும் பேசி முடிக்கலை. அதுதான் எனக்குக் கவலை.

– எனக்கு மட்டும் இல்லையா?

– உங்க போன் அடிக்குது. பையன்தான். எடுத்து, மாமா நல்லா இருக்கார்னு சொல்லுங்க.

– அடிக்கட்டும்.

– பயந்துடுவாங்க.

– பயந்தா என்ன பண்ணுவாங்க?

– தேடிக்கிட்டு வருவாங்க. நேத்து எங்க தங்கினோம்னு அவனுக்குத் தெரியுமே.

– ரெண்டு பேரும் வருவாங்களா?

– அப்பனைக் காணோம்னா என் பொண்ணு வீட்டுல உட்கார்ந்திருக்க மாட்டா.

– அவகிட்ட வண்டி இல்லை. அவனோடதுலதான் ஏறணும்.

– பெரியவங்க செய்யற காரியமா இது? பாவம், வழி பூரா தவிச்சுப்போவாங்க.

– தவிக்கட்டும். சேர்ந்து தவிக்கட்டும். உட்காருங்க அந்தக் கல்லுல, காலை நீட்டிக்குங்க. அந்தப் பொண்ணு வந்து இறங்கினதும் நான் அவகிட்ட ஒண்ணு சொல்லணும். மறுபடியும் அடிக்குது பாருங்க. இதை எங்க அமுக்கினா அணையும், சம்பந்தி?