சதுக்கத்தின் நடுவே

— கால் கடுக்குதுக்கா. இப்படி ஓரமாவே சுத்துறதுக்கு, குறுக்க போனா சட்டுனு அந்தப் பக்கம் போயிடலாம்ல.

— பேசாம நட, நேவியோ. பொலோன்யாவுல படிக்கிற எவனும் இந்தச் சதுக்கத்தை நடுவுல தாண்ட மாட்டான். தாண்டினா பட்டம் கிடைக்காது.

— நான் இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கல. ஒரு நாள் ஊர் பாக்க வந்தவன்.

— அடுத்த வருஷம் இங்கதானே சேரப் போற? விடு, இப்பவே பழகிக்க.

— கேளுக்கா, காலைலேருந்து கோபுரம் காட்டின, சந்தை காட்டின. நீ படிக்கிற இடத்தை மட்டும் காட்டவே இல்ல. கேட்டுக்கிட்டே இருக்கேன்.

— இன்னிக்குப் பூட்டியிருக்கும்.

— வியாழக்கிழமை பூட்டுவாங்களா?

— விடுடா. பசிக்குதா? மொர்தடெல்லா கறி வெச்ச ரொட்டி வாங்கித் தரேன்.

— நீதான் சாப்பிடணும். எலும்பும் தோலுமா இருக்க. அம்மா பாத்தா அழுவா.

— பரீட்சை நேரம். சரியாத் தூங்குறதில்ல.

— கேளுக்கா, நீ சேர்ந்த வருஷம் அப்பாவையும் முட்டிவலியோட இதே மாதிரி சுத்த வெச்சியே. வழியெல்லாம் முனகிட்டே வந்தாரு.

— ஞாபகம் இருக்கு. பட்டம் வாங்குற அன்னிக்கு, தலையில இலைமாலையோட அவர் கையைப் பிடிச்சு நடுவுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்.

— அதை நம்ம ஊர் ரோவிகோ பூரா சொல்லி வெச்சிருக்காரு. முடிவெட்டுற கடையிலகூட.

— போதும்டா. நீ ஓரமாவே போ. நான் நடுவுல வரேன்.

— ஏன்? நீயும்தானே படிக்கிற?

— இல்ல, நேவியோ. குளிர்காலத்துலயே நின்னுட்டேன். ஒரே பாடத்தை எழுதி எழுதித் தோத்தேன். வெக்கமா இருந்துது. இப்ப சந்தைக்குப் பின்னால ஒரு சாப்பாட்டுக் கடையில மேசைக்கு மேசை தட்டு தூக்குறேன். ஒவ்வொரு தடவை போன் பண்றப்பவும் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுடா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டாரு.

— அவருக்குத் தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— போன மாசம் உன் பிறந்த நாளுக்குச் சொல்லாமக் கொள்ளாம வந்தாரு. சந்தைப் பக்கம் கேக் வாங்கப் போனவரு, நீ தட்டோட ஓடுறதைக் கண்ணாடி வழியா பாத்திருக்காரு. கூப்பிடாமத் திரும்பிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சுதான் எங்ககிட்ட சொன்னாரு.

— அப்ப நீ இன்னிக்கு ஊர் பாக்க வரல.

— நீயா வாயத் திறந்து சொல்றியான்னு பாக்க வந்தோம்.

— வந்தோமா?

— அதே ரயில்ல, அடுத்த பெட்டியில வந்தாரு. எதிர்ல சர்ச் படிக்கட்டைப் பாருக்கா. முட்டி வலிக்குதாம், இன்னொரு தடவை சுத்த முடியாதாம். நடுவுல கூட்டிட்டுப் போக உன்னை வரச் சொல்றாரு.